ஆண்மகவுப் பெயரின் ஈற்றெழுத்தும் விளியும்: மதுரை வட்டாரப் பெயர்களை முன்வைத்து

திறவுச்சொற்கள்: மொழியிறுதி, விளிமரபு, ஆண்பால் ஈறு, அழகர்மலைக் கல்வெட்டு, மக்கட்பெயர்

முன்னுரை

மகவுக்குப் பெயர் தேர்வோர் நெடுங்காலமாக முதலெழுத்தையே கருதி வந்துள்ளனர். நட்சத்திரப் பாதம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தென 27 நட்சத்திரங்களுக்கு 108 எழுத்துகளைச் சோதிட மரபு வகுத்துள்ளது. அண்மைக்காலத்தில் ஈற்றெழுத்தும் இத்தேர்வில் இடம்பெறத் தொடங்கியுள்ளது. மூத்தவன் பெயர் ‘ஷ்’ என முடிந்தால் இளையவனுக்கும் அவ்வாறே முடியும் பெயரைத் தேடும் வழக்கம் மதுரை நகரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் காணப்படுகிறது. இத்தகைய ஈறுகளைக் கிரந்த எழுத்துச் சிக்கலாக மட்டுமே நோக்குவது நம் துறையில் பெருவழக்கு. அந்நோக்கு போதாது, பெயரின் ஈற்றெழுத்து ஆற்றும் பணி விளியிலேயே தெளிவாகப் புலப்படுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

இலக்கணம் காட்டும் எல்லை

தொல்காப்பிய மொழிமரபு, சொல்லிறுதியில் வரும் மெய்களாக ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள் எனப் பதினொன்றைக் குறிக்கிறது. வல்லின மெய் ஒன்றும் இப்பட்டியலில் இல்லை. கிளவியாக்கம் னகர ஒற்றை ஆண்பால் காட்டும் ஈறாகக் கொள்கிறது. விளிமரபோ இவ்வெல்லையை மேலும் சுருக்குகிறது: உயர்திணைப் பெயர்களுள் இ, உ, ஐ, ஓ ஆகிய உயிரீறுகளும், ன், ர், ல், ள் ஆகிய மெய்யீறுகளுமே விளியேற்கும். அன் ஈறு ஆ ஆகும். இகரம் ஈகாரமாக நீளும். அர் ஈறு ஈர் ஆகும்.

வல்லின ஈற்றுப் பெயர் உருபேற்பதில் இடர்ப்படுவதில்லை. ‘பிரதீப்’ ‘பிரதீப்பை’ என்றும் ‘பிரதீப்புக்கு’ என்றும் எளிதில் உருபேற்கிறது. அதனை விளித்தற்கு விளிமரபில் விதியில்லை.

மதுரைக் கல்வெட்டுப் பெயர்கள்

மதுரைக்கு வடக்கேயுள்ள அழகர்மலையின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், சமணத் துறவியர்க்குக் கொடையளித்த வணிகர் சிலரைப் பெயர் சுட்டுகின்றன. ஐராவதம் மகாதேவன் இவற்றைக் கி.மு. முதலாம் நூற்றாண்டைச் சார்ந்தவையாகக் கொள்கிறார். மதுரைப் பொன்கொல்லன் ஆதன், உப்பு வணிகன் வியகன், பாணித வணிகன் நெடுமலன் என வரும் இப்பெயர்கள் யாவும் னகர ஈற்றன. தொழிற்பெயரும் இயற்பெயரும் ஒரே ஈற்றில் இயைவது நோக்கத்தக்கது. கீழடிப் பானையோட்டுப் பெயர்களுள் ஒன்றான ‘குவிரன்’, குபேரன் என்னும் பெயரின் பிராகிருத வடிவத்தை ஒட்டியதாகக் கருதப்படுகிறது. அங்ஙனமாயின், வடபுலப் பெயரும் தமிழ் ஈறு பெற்றே வழங்கியது எனலாம்.

எனினும் ‘ன்’ ஒன்றே ஆண்பெயர்க்குரிய ஈறு எனக் கொள்வது பிழை. மாங்குளம் கல்வெட்டு ‘கடலன் வழுதி’ என ஒருவனைக் குறிக்கிறது. ஒருவன் பெயரிலேயே இரண்டு ஈறுகளும் அமைந்துள்ளன. வழுதியின் இகரமே இன்றைய பாண்டி, முனியாண்டி, மாயாண்டி ஆகியவற்றிலும் உள்ளது. ‘பாண்டீ’ என்று இன்றும் தெருவில் கேட்கும் குரல் விளிமரபின் விதிக்கு முற்றிலும் இயைந்ததே. சுந்தரம், சொக்கலிங்கம் முதலிய மகர ஈற்றுப் பெயர்கள்தாம் உண்மையில் அவ்விதிக்குப் புறம்பானவை. மதுரையில் மிகப் பழகியவை என்பதால் அவற்றை எவரும் அயலாகக் கருதுவதில்லை.

ஈறு மாறிய வழிகள்

அயற்பெயர் தமிழில் புகுகையில் இரு வழிகள் இருந்தன. ஒன்று னகரம் பெறுதல். மற்றது உகரம் பெறுதல். மதுரை மறைத்தளத்தைச் சார்ந்த வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையப்பருக்கு ‘வளன்’ என்று பெயரிட்டார். அதே பெயர் விவிலியத் தமிழில் ‘யோசேப்பு’ ஆயிற்று. கம்பர் லட்சுமணனை இலக்குவன் ஆக்கியதும் முதல் வழியே.

இருபதாம் நூற்றாண்டில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். இங்கு ஈறு இடர் செய்யவில்லை. ‘சாமீ’ என்பதும் இயல்பான விளியே. ஆகவே இதனை இலக்கணத் திருத்தமாகக் கொள்ளாது, அரசியல் தேர்வாகவே கொள்ளல் வேண்டும்.

இன்றைய ஈறுகளின் வழி வேறு. கணேசன், சங்கரன், குமாரன் என்பன தமிழ் வடிவங்கள். இந்தியில் சொல்லிறுதி அகரம் ஒலிக்கப்படாமையால் இவை கணேஷ், சங்கர், குமார் என நின்று, அவ்வாறே மீண்டும் தமிழுக்கு வந்தன. ‘சங்கர்’ என்பதன் ரகரம் பலர்பால் ஈறுபோல் தோன்றினும் பேசுவோர் மயங்குவதில்லை; ‘சங்கீர்’ என எவரும் விளிப்பதில்லை.

விளி மீட்கும் ஈறு

சான்றிதழில் கணேஷ் என்றுள்ள சிறுவனைப் பாட்டி ‘கணேசா’ என அழைக்கிறார். சங்கர் ‘சங்கரா’ ஆகிறான். குமார் ‘குமாரா’ ஆகிறான். ஆகாரம் அன் ஈற்றுக்கே உரியது. எனவே, எழுத்தில் இல்லாத ‘அன்’ அழைப்பவர் மனத்தில் நிலைத்துள்ளது என்பது தெளிவு. பிரதீப், ரித்திஷ் போன்றவற்றுக்கு நினைவில் நிற்கும் அன் ஈற்று வடிவம் வழக்கில் இல்லை. அவை ‘பிரதீப்பு’, ‘ரித்திசு’ என உகரமே பெறுகின்றன. வீரமாமுனிவர் காலத்து இரு வழிகளும் இன்றும் முற்றத்தில் நிற்கும் குரலில் தொடர்கின்றன. ஷகரத்தைச் சகரமாக எழுதிவிடுவதால் மட்டும் இவ்வேறுபாடு மறைவதில்லை.

தூய தமிழ்ப்பெயர் தேர்வோர்க்கும் இதில் ஓர் இடருண்டு. இனியன் என்பது அழகிய பெயர். அதன் விளி ‘இனியா’. இன்று பெண்மகவுக்கு இடப்படும் பெயரும் ‘இனியா’ என்பதே. அண்ணனுக்கு அதனையும் தங்கைக்கு இதனையும் இட்ட வீட்டில், தாய் ஒருமுறை அழைத்தால் இருவரும் திரும்பிப் பார்ப்பர்.