கட்டி வந்தால் சூடு என்று முடித்துவிடலாமா?

நம்பிக்கை: கட்டி வருவது உடல் சூட்டால், மாம்பழத்தால்.

சித்திரை வெயிலில் அக்குளிலோ தொடையிலோ ஒன்று புறப்பட்டால் நம் வீடுகளில் முதலில் வரும் தீர்ப்பு இதுதான். மாம்பழத்தின் மேல் குற்றமில்லை. 1880-ல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துத் திராட்சைக் கொத்தாகத் திரண்ட கிருமிகளைக் கண்டார். ஸ்டெஃபிலோகாக்கஸ் என்று பெயர் வைத்தவரும் அவரே. வியர்வையும் உராய்வும் அந்தக் கிருமி மயிர்க்காலுக்குள் நுழைய வழி செய்கின்றன. கோடைக்கும் கட்டிக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். முதுகில் வரும் ராஜபிளவைக்குப் பின்னால் பல நேரம் சர்க்கரை நோய் இருக்கும்.

நம்பிக்கை: பழுத்ததும் பிதுக்கிவிடலாம்.

கூடாது. சீழ் உள்ளே பரவும். மூக்கு, மேலுதடு பக்கத்துக் கட்டியின் கிருமி ரத்தக்குழாய் வழியே மூளைவரை போகலாம். சின்னக் கட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும். சீழ் கோத்துவிட்டால் மருத்துவர் கீறி வெளியேற்றத்தான் வேண்டும். மாத்திரை மட்டும் பெரும்பாலும் போதாது.

நம்பிக்கை: வலிக்காத கட்டியால் ஆபத்தில்லை.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான், காரணம் காசநோய். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால்தான் தாம்பரம் சானடோரியம் என்ற பெயரே வந்தது. அந்த ஊரிலும் காசம் என்றால் இருமல் என்றே பலர் நினைக்கிறோம். கழுத்தில் நெறி கட்டி, சிவக்காமல், சுடாமல், வலிக்காமல் மெல்ல வளர்வதும் காசமாக இருக்கலாம். சாதாரணக் கட்டி என்று கீறிவிட்டால் புண் மாதக்கணக்கில் ஆறாமல் கசியும். ஊசியால் உறிஞ்சிச் சோதித்தால் உண்மை தெரியும். வழக்கமாக ஆறு மாத மருந்தில் குணமாகும். அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம்.

நம்பிக்கை: மெடிக்கல் கோடிங்கில் கட்டிக்கு ஒரே கோட், அதுவும் பில்லுக்குத்தான்.

தாம்பரத்திலிருந்து பெருங்குடிக்கும் கிண்டிக்கும் கோடிங் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அமெரிக்க சார்ட்டுகளுக்கு 2015 அக்டோபர் 1 முதல் ஐ.சி.டி.-10-சி.எம். என்ற நோய்க் குறியீட்டு முறை நடைமுறையில் இருக்கிறது. அதில் எல்02 குடும்பம் இடத்தையும் வகையையும் பிரிக்கிறது. கழுத்தில் சீழ்க்கட்டி எல்02.11, மயிர்க்கால் கட்டி எல்02.12, ராஜபிளவை எல்02.13. அதே கழுத்தில் காச நெறிக்கட்டி என்றால் ஏ18.2, நோயே வேறு. எழுத்து மாறினால் நோயாளியின் பதிவேட்டில் காசம் காணாமல் போகும். லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கோடர் தானே நோயை முடிவு செய்யக் கூடாது. மருத்துவர் இடத்தையோ வகையையோ எழுதவில்லையா? கேள்வி அனுப்புங்கள். ஷிஃப்ட் டார்கெட் நெருக்கும்தான், அதற்காக எல்02.91 என்று பொதுவாகப் போட்டுத் தள்ளிவிடாதீர்கள்.

கழுத்தில் நெறி இரண்டு வாரம் தாண்டியும் வற்றவில்லை என்றால் பற்றுப் போட்டுக் காத்திருக்காதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், காசநோய்ச் சோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.