பிரான்சின் நாட்டுப்புறத்தில் ஓட வரும் பிள்ளைகளுக்கு

பரிசுக்கு வெளியே எங்கே ஓடலாம், வடிவான பாதை எது என்று நம்முடைய பிள்ளைகள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். உணவகத்தில் இரவு வேலை, கடையில் பகல் வேலை. மிஞ்சுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதையும் வீணாக்கக் கூடாது. இந்த நாட்டுக் கிராமங்களுக்குள் ஓடியே வயதானவன் என்ற உரிமையில் சிலவற்றை எண் போட்டுச் சொல்கிறேன். வரிசைப்படி பின்பற்ற வேண்டியதில்லை. முதல் இரண்டை மட்டும் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. பாதையை யாருக்காகப் போட்டார்கள் என்று கேளுங்கள்.

இங்கே ஓடுகிறவனுக்கென்று யாரும் பாதை போடவில்லை. படகை இழுத்த குதிரைக்கு, ரயிலுக்கு, கள்ளக்கடத்தலைத் தேடி நடந்த சுங்கக் காவலருக்கு, திராட்சைத் தோட்டத்து வண்டிக்கு, ஆட்டு மந்தைக்கு என்று போட்ட தடங்களில்தான் நாம் ஓடுகிறோம். எது யாருக்கானது என்று தெரிந்துகொண்டால், ஏற்றம் எப்படி இருக்கும், எங்கே வளையும், எந்த நேரத்தில் எதிரே யார் வருவார் என்பதில் பாதி வரைபடம் பார்க்காமலே பிடிபட்டுவிடும். கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி இதற்குள் அடங்கும்.

2. கால்வாய்க் கரையில் தொடங்குங்கள்.

பாரம் இழுத்த குதிரைக்கு மேடு ஆகாது. ஆகவே கால்வாய்க் கரை மட்டமானது. படகை ஏற்றி இறக்கும் மதகு வரும் இடத்தில் மட்டும் சின்ன ஏற்றம் இருக்கும். புதிதாக ஓடுகிறவரின் முழங்காலுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

பரிசின் லாச்சப்பலிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் லாவிலெத் நீர்த்தேக்கம். அங்கிருந்து கிளம்புகிறது ‘ஊர்க்’ (Ourcq) என்னும் கால்வாய். பரிசுக்குக் குடிதண்ணீர் கொண்டுவர 1802இல் நெப்போலியன் உத்தரவிட்டு வெட்டியது. பந்தான், பொபினி எல்லாம் நமக்குப் பழக்கமான கட்டடக் காடுதான். செவ்ரான் நெருங்கும்போது கரை முழுக்க மரங்கள். பக்கத்திலேயே பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த வனப்பூங்கா. செவ்ரான் பக்கத்தில் ஆர்.ஈ.ஆர். பி ரயில் கால்வாயை ஒட்டியே ஓடுவதால், களைத்த இடத்தில் ஓட்டத்தை நிறுத்தி வீட்டுக்கு வந்துவிடலாம். முழுத் தூரமும் ஓட வேண்டும் என்ற வீம்பு வேண்டாம். செவ்ரானில் இறங்கி, போக அரை மணி, வர அரை மணி. முதல் மாதத்துக்கு அது போதும்.

துளூஸ் பக்கம் உறவினர் இருந்தால் ‘மிதி’ (Midi) என்னும் கால்வாய் இருக்கிறது. பியர்-போல் ரிக்கே 1666இல் தொடங்கிய வேலை, 1681இல் திறந்தார்கள். அதற்குச் சில மாதம் முன்பே மனிதர் இறந்துபோனார். 240 கி.மீ. நீளம், 1996 முதல் உலக மரபுச் சின்னம். துளூஸிலிருந்து ஏறக்குறைய 50 கி.மீ. வரை தார் போட்ட தடம். அதற்கப்பால் மண்பாதை, மரவேர் நிலத்துக்கு மேலே புடைத்து நிற்கும், கால் இடறும். படத்தில் காணும் பிளேன் மர நிழல் எல்லா இடமும் இருக்கிறது என்று எண்ணிப் போகாதீர்கள். 2006இல் கண்டறிந்த பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரித்துவிட்டு, இப்போது வேறு இனங்களை நட்டு வளர்க்கிறார்கள். ஜூலை நடுப்பகலில் அந்த மொட்டைப் பகுதிகளுக்குள் அகப்பட்டால் தண்ணீர்ப் போத்தல் ஒன்று காணாது.

3. அடுத்தது பழைய ரயில் தடம்.

தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு நடைக்கும் சைக்கிளுக்கும் விட்ட தடத்தை வுவா வெர்த் என்பார்கள். பூர்கோஞ்ஞில் ஜிவ்ரியிலிருந்து குளுனி வரை 1997இல் திறந்த 44 கி.மீ. பாதைதான் நாட்டில் இவ்வகையில் முதலாவது. ரயில் எஞ்சின் செங்குத்தாக ஏறாது. அதனால் ஏற்றம் கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல வரும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மூச்சுக்குத் தெரியும். கால் கனக்கிறதே, உடம்புக்கு என்ன வந்தது என்று பயப்பட வேண்டாம். திரும்பி வரும்போது அதே தடம் உங்களைத் தள்ளிக்கொண்டு வரும்.

கொர்மாத்தான் கோட்டை, தேசே கிராமம் எல்லாம் இந்த வழியில்தான். குளுனியில் இறங்கி நின்று பார்க்க வேண்டும். 910இல் தொடங்கிய மடம் அது; ரோமில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்டும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய கோவில் இங்கேதான் இருந்தது. புரட்சிக்குப் பிறகு கல்லுக்காக விற்று உடைத்தார்கள். மிஞ்சி நிற்கும் சிறு பகுதியே கழுத்து வலிக்கும் உயரம். குளுனியைத் தாண்டி மக்கோன் நோக்கிப் போனால் 1,600 மீட்டர் நீளமான புவா கிளேர் சுரங்கம் வரும். வௌவால்களுக்காகக் குளிர்காலத்தில் அதை மூடிவிடுவார்கள். மாற்றுப்பாதை மலைமேலே ஏறும். அதற்குக் கால் தயாரா என்று பார்த்துப் போங்கள்.

4. மரத்தில் இருக்கும் வர்ணத்தைப் படிக்கப் பழகுங்கள்.

வெள்ளைக்கோடும் சிவப்புக்கோடும் என்றால் ஜி.ஆர். என்னும் நெடும்பாதை. மஞ்சள் மட்டும் என்றால் பி.ஆர்.; சில மணி நேரத்தில் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும் ஊர்ப்பாதை. தொடங்குகிறவருக்கு மஞ்சள்தான். பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று பொருள். நடைபாதைச் சங்கத்தின் தொண்டர்கள் 1947 முதல் தூரிகையோடு போய் அடித்துவரும் குறிகள் இவை.

நடக்கிறவர் கண்ணில் படும் குறி ஓடுகிறவர் கண்ணில் படாது. நமக்குக் கண் தரையில் இருக்கும். ஐந்து நிமிடம் ஒரு குறியும் காணவில்லையென்றால் முன்னே போய்த் தேடாதீர்கள். கடைசியாகக் கண்ட குறிக்குத் திரும்புங்கள். கைபேசி இருந்தாலும் ஐ.ஜி.என். நீலத்தாள் வரைபடம் ஒன்றைப் பையில் மடித்து வையுங்கள். 1 செ.மீ. என்றால் 250 மீட்டர். மழையில் பற்றரி செத்த பிறகும் அது வேலை செய்யும்.

5. பிரத்தாஞ் கடற்கரையில் கிலோமீட்டரை நம்பாதீர்கள்.

ஜி.ஆர். 34 ஏறக்குறைய 2,000 கி.மீ. கரையோரமாகவே போகிறது. சுங்கக் காவலர் பாதை என்றுதான் ஊரில் சொல்வார்கள். ஒவ்வொரு சிறு குடாவிலும் கள்ளப் படகு ஒதுங்கியிருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டியவர்கள் நடந்த தடம் அது. ஆகவே எந்தக் குடாவையும் விடாமல் கீழே இறங்கும், உடனே மேலே ஏறும். வரைபடத்தில் 8 கி.மீ. என்றால் உங்கள் காலுக்கு அது 12.

பெரோஸ்-கிரெக்கிலிருந்து புளுமனாக் வரையுள்ள துண்டு என் கணக்கில் இந்த நாட்டின் ஆக வடிவான ஓட்டம். ரோஜா நிறக் கருங்கல் பாறைகள் வீட்டளவில் அடுக்கிக் கிடக்கும். விடிய வெயில் சரிந்து விழும்போது கல்லுக்குள்ளிருந்து நிறம் வருவதுபோல இருக்கும். ஆகஸ்டில் பகல் பத்து மணிக்குப் பிறகு அங்கே ஓட இடமில்லை, சனம் அவ்வளவு. கயிறு கட்டியிருந்தால் அதற்குள்ளேயே போங்கள். மிதிபட்டுச் செத்த புதர்களை மறுபடி வளர்த்தெடுக்கிறார்கள்.

6. திராட்சைத் தோட்டத்தில் வேலை நடப்பதைப் பார்த்துப் போங்கள்.

போன் (Beaune) நகரிலிருந்து சந்தனே வரை பொமார், வொல்னே, மெர்சோ ஊர்களை ஊடறுத்து 20 கி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு பாதை இருக்கிறது. 2015இல் உலக மரபுப் பட்டியலில் ஏறிய நிலம். வசந்தத்திலும் கோடையிலும், ஒரு வரிசைக் கொடிக்கு மேலே கவட்டை விரித்து நிற்கும் உயரமான டிராக்டர் வரும். அதன் பின்னால் புகைபோல ஏதாவது கிளம்பினால் அது மருந்து. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிக் கடக்கலாம் என்று எண்ணாமல், காற்று வரும் பக்கமாக ஒதுங்கி வேறு வழி பிடியுங்கள். ஒரு குலையும் பறிக்கக் கூடாது. அறுவடை முடிந்து இலை மஞ்சளாகும் ஒக்டோபர்தான் எனக்குப் பிடித்த காலம்.

மெதொக் மரதன் பற்றியும் கேட்கிறீர்கள். 1985 முதல் செப்டம்பரில் போயாக்கில் நடக்கிறது. வேஷம் கட்டி, வழிநெடுக வைன் குடித்து, ஆறரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். திருவிழா என்று போய் வாருங்கள். முதல் மரதனாக மட்டும் எடுக்காதீர்கள்.

7. பார்ப்பதற்கென்றே போட்ட பாதையும் ஒன்று உண்டு.

பரிசின் லியோன் நிலையத்திலிருந்து 40 நிமிட ரயில் தூரத்தில் பொந்தன்புளோ காடு. நெப்போலியன் படையில் இருந்த தெனெகூர் என்பவர் 1842 முதல் அங்கே பாறைக்குப் பாறை வழி வெட்டி, நீலக்குறி போட்டுவைத்தார். எங்கும் சீக்கிரம் போய்ச் சேர்வது அவர் நோக்கமில்லை. பத்தடிக்கு ஒரு திருப்பம், பாறை இடுக்கு, திடீரென்று மேட்டில் ஒரு திறந்தவெளி. இங்கே நேரம் பார்த்து ஓடுகிறவன் ஏமாந்தவன். தரை கடல் மணல்போலக் காலை உள்ளே இழுக்கும். கெண்டைக்கால் முதல் நாளே சொல்லிவிடும். 25 மேடுகள் என்ற சிவப்புக்குறிச் சுற்று 16 கி.மீ. அளவுதான், ஆனால் ஒரு வருடம் ஓடிப் பழகியவருக்கே அது.

8. வேட்டைக்காலத்தை மறக்காதீர்கள்.

செப்டம்பரிலிருந்து பெப்ரவரி முடியும்வரை காடுகளில் துப்பாக்கி உண்டு. நாட்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பாதை முகப்பில் ‘ஷாஸ் ஆன் கூர்’ என்று பலகை இருந்தால் உள்ளே வேட்டை நடக்கிறது. திரும்பிவிடுங்கள், வாக்குவாதம் வேண்டாம். அந்த மாதங்களில் கறுப்புச் சட்டை போட்டுக் காட்டுக்குள் ஓடுவது புத்தியில்லாத வேலை. செம்மஞ்சள் அங்கி பத்து யூரோவுக்கும் குறைவு.

9. மலையில் வெள்ளை நாய் எழுந்து வந்தால் நில்லுங்கள்.

1992இல் இத்தாலிப் பக்கமிருந்து ஓநாய்கள் மெர்கந்தூருக்குத் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு அல்ப்ஸ் மேய்ச்சல் நிலமெங்கும் மந்தைக்குக் காவலாக ‘பத்தூ’ (patou) என்னும் வெள்ளை நாய்களை வைக்கிறார்கள். பிரனே மலையிலும் இருக்கின்றன. குட்டியிலிருந்தே ஆட்டுக்கூட்டத்தோடு வளர்ந்த நாய் அது. ஆடுகளுக்கு நடுவே படுத்திருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் இன்னொரு ஆடு. நீங்கள் ஓடி நெருங்கியதும் எழும்பிக் குரைத்துக்கொண்டு நேரே வரும். ஓட்டத்தை நிறுத்துங்கள். தடியை ஓங்காதீர்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள். சாந்தமான குரலில் ஏதாவது பேசுங்கள். தமிழில் பேசினாலும் அதற்குச் சம்மதமே. முகர்ந்து பார்த்து முடிக்கட்டும். பிறகு மெல்லப் பின்வாங்கி, மந்தையை நன்றாகச் சுற்றி நடந்து போங்கள். மந்தைக்குள் புகுந்து குறுக்கே ஓடியவனை நாய் கடித்தால் நான் நாயின் பக்கம்தான்.

10. உண்ணி.

புல் உயரமான பாதையில் ஓடி வந்தால் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, கவட்டை, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி பிடுங்கும் கொக்கி மருந்தகத்தில் சில யூரோ. எண்ணெய் பூச வேண்டாம், கொளுத்த வேண்டாம். கடித்த இடத்தில் பின்னர் சிவப்பு வட்டம் விரிந்தால் வைத்தியரிடம் போங்கள். அல்சாஸ், லொரேன் பக்கம் லைம் நோய் அதிகம்.

11. தண்ணீர் சுடலையில் கிடைக்கும்.

சிரிக்காதீர்கள். கிராமக் கடை மத்தியானம் பூட்டியிருக்கும், திங்களன்று பாண் கடையும் அநேகமாகப் பூட்டு. பூச்செடிக்கு ஊற்றுவதற்காகக் கல்லறைத் தோட்ட வாசலில் குழாய் இருக்கும். இந்த ஊர்ச் சைக்கிள்காரர் எல்லோரும் அங்கேதான் போத்தல் நிரப்புகிறார்கள். ‘நோன் பொத்தாபிள்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. மார்செய் பக்கத்துக் கலாங்கு என்னும் கடலோரப் பாறைமலைகளில் குழாய் தேடிப் பயனில்லை, முழுத் தண்ணீரும் சுமந்து போங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை காட்டுத்தீ பயத்தால் அங்கே சில நாட்களில் மலையையே மூடிவிடுவார்கள். முதல் நாள் மாலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

12. போட்டிக்குப் பெயர் கொடுக்க விரும்பினால்.

கிராமத்து 10 கி.மீ. ஓட்டம் ஒன்றைத் தேடுங்கள். 2024 முதல் பெரியவர்களுக்கு வைத்தியச் சான்றுக்குப் பதில் பி.பி.எஸ். என்ற இணையவழிப் பத்திரம். காணொளிகளைப் பார்த்து முடித்தால் எண் தருவார்கள். வழியில் சாப்பாட்டு மேசையில் பாற்கட்டியும் பன்றி இறைச்சி சோசிசோனும் இருக்கும். மரக்கறிக்காரர் வாழைப்பழத்தை நம்பலாம். மொம்பிளாங்கைச் சுற்றும் 170 கி.மீ. கனவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

13. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

விழுந்தால் அழைக்க வேண்டிய எண் 112. உங்கள் நிறுவனத்துக்குச் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் அலைவரிசை இருந்தால் அது போகும். நடைபாதைச் சந்திகளில் உள்ள மஞ்சள் கைகாட்டிகளில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். கடந்துவந்த கடைசிக் கைகாட்டியின் பெயரை நினைவில் வைத்திருங்கள். பிரெஞ்சு அரைகுறையாக வந்தாலும் அந்தப் பெயரைச் சொன்னால் மீட்புக்காரர் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.