இரவிலும் ஓயாத இயந்திரக் கை

ஹைட்ரஜன் ஒரு வாயு. அது நன்றாக எரியும். எரிந்தால் கரும்புகை வராது. நீராவிதான் வரும்.

வெளிச்சம் பட்டால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் கலவைகள் உண்டு. எந்தப் பொருளை எவ்வளவு சேர்ப்பது? 9 கோடிக்கும் மேல் வழிகள். மனிதர் செய்து பார்க்க ஆயுள் போதாது.

இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஒரு ரோபோவிடம் இந்த வேலையைக் கொடுத்தார்கள். அது பொடியை எடை போட்டது. கலந்தது. ஹைட்ரஜனை அளந்தது. முடிவைப் பார்த்துக் கணிப்பொறி அடுத்த கலவையைச் சொன்னது. 8 நாளில் 688 சோதனைகள்! முதல் கலவையைவிட 6 மடங்கு நல்ல கலவை கிடைத்தது. 2020இல் இது வெளியானது.

எதைத் தேடுவது என்று சொன்னவர்கள் மனிதர்களே.

பேசுவோம்: இயந்திரம் கையின் வேலையைச் செய்தால், மனிதர் எதைக் கற்க வேண்டும்?