கோழி முற்றத்தில் ஈரம் தங்கலாமா?

வீட்டையும் தோட்டத்தையும் விட்டுப் புதிய இடத்திற்கு வந்த குடும்பத்தின் கைக்கு முதலில் வரக்கூடிய வருமானம் பெரும்பாலும் முட்டைக் காசுதான். நட்ட மிளகுக் கொடி பயன்தர மூன்று ஆண்டுகளாவது செல்லும். நாட்டுப் பேடு ஐந்தாறு மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். மொரகஹகந்த, களு கங்கை நீர்த்தேக்கங்களுக்காக நிலம் பெயர்ந்தவர்களானாலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவால் வீடிழந்தவர்களானாலும், மாத்தளை மாவட்டத்தில் பல குடும்பங்கள் இந்தச் சிறு வருமானத்தை நம்பியே மீண்டும் தொடங்குகின்றன.

ஆனால் புதிய குடியிருப்பில் வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. முன்பு தோட்டத்து மூலையில் கிடந்த கோழிக்கூடு இப்போது அடுத்த வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்தில் நிற்கிறது. நாற்றம் எழுந்தால் சண்டையும் எழும்.

இதில் நாங்களும் ஒரு தவறு செய்தோம். ஒரு குடியிருப்பில் குஞ்சுகளையும் கம்பி வலையையும் பகிர்ந்து கொடுத்தோம், நிலத்தைப் பார்க்கவில்லை. மேட்டில் வீடுகளைக் கட்டிய மக்கள், மிஞ்சிய பள்ளத்தில் கூடுகளை வைத்தார்கள். ஐப்பசி மழையோடு முற்றம் சேறாயிற்று. நாற்றமும் ஈயும் பெருகின. கோழிகளுக்கு இரத்தக் கழிச்சல் கண்டது. அயலவரின் முறைப்பாட்டைத் தாங்க முடியாமல் ஒரு தாய் முட்டையிடும் பத்துப் பேடுகளையும் ஒரே நாளில் வந்த விலைக்கு விற்றுவிட்டார். அன்று நாங்கள் கற்றுக்கொண்டதையே இப்பாடத்தில் தருகிறோம்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

வளர்ந்த பேடு ஒன்று நாளொன்றுக்கு 100 முதல் 150 கிராம் வரை எச்சமிடும். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். பத்துக் கோழிகள் மாதத்தில் 30 கிலோவுக்கு மேல் எச்சமிடும். இது உலர்ந்தால் மணம் குறைவு. நனைந்தால், அதிலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் உடைத்து அமோனியா வாயுவாக மாற்றுகின்றன. கண்ணை எரிக்கும் காரமான நெடி அதுதான். ஆகவே எச்சத்தை முற்றாக ஒழிக்க முடியாவிட்டாலும் ஈரத்தை ஒழிக்கலாம். நாற்றம் தானே அடங்கும்.

ஈரத்தால் நோயும் வரும். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமி எச்சத்தோடு வெளிவந்த உடனே தொற்றுவதில்லை. ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாட்களில் தொற்றும் நிலையை அடைகிறது. உலர்ந்த தரை அதற்கு உதவாது.

தண்ணீரின் வழியை அறிதல்

மாத்தளையின் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீடிக்கும். வேலி அடைக்கும் முன் ஒரு பெருமழையில் வெளியே நின்று, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தேங்கும் இடத்தில் கூடு வேண்டாம். வேறு இடமே இல்லையென்றால் கல், உடைந்த செங்கல், பருமணல் கொட்டித் தரையை அரை அடியாவது உயர்த்துங்கள்.

முற்றத்தின் மேட்டுப் பக்கத்தில் ஓரடி அகலம், அரையடி ஆழத்தில் வளைவாக ஒரு கான் வெட்டி, தண்ணீரை ஏற்கனவே உள்ள வடிகாலில் சேர்க்கவும். அயலவர் முற்றத்திற்குத் திருப்பிவிடக் கூடாது.

சரிவில் குடியிருப்போர் கூட்டுக்கு இடம் எடுப்பதற்காக மண்மேட்டை வெட்டவே வேண்டாம். நிலத்தில் வெடிப்போ, புதிய ஊற்றோ, கலங்கல் நீரோ கண்டால் கோழியையும் கூட்டையும் விட்டு உடனே விலகிக் கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகளையும் மழைக்காலத்தில் கேட்டறியுங்கள்.

கூரையும் தரையும்

பத்துக் கோழிகளுக்குப் பத்தடி நீளமும் பத்தடி அகலமும் கொண்ட முற்றம் போதும். முழுவதற்கும் கூரை போட முடியாது. கூட்டை ஒட்டிய மூன்றிலொரு பங்கிற்காவது பழைய தகரமோ கிடுகோ போடுங்கள். மழை நேரத்தில் கோழிகள் அங்கே ஒதுங்கும். கூரையின் சரிவு முற்றத்திற்கு வெளியே பார்க்க வேண்டும். கமுகம் பீலி ஒன்று கட்டினால் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் சேர்த்துக்கொள்ளலாம்.

கூரையின் கீழ் உமி அல்லது மரத்தூளை நான்கு முதல் ஆறு அங்குலம் வரை பரப்புங்கள். திறந்த பகுதியில் இவை வேண்டாம். மழையை உறிஞ்சிச் சேறாகிவிடும். அங்கே பருமணல், வெட்டிய கிளிரிசிடியாக் குச்சிகள், தென்னைமட்டைத் துண்டுகள் நல்லவை. மிளகுக்குத் தாங்கு மரமாக நிற்கும் கிளிரிசிடியாவைக் கவ்வாத்து செய்யும்போது குச்சிகளைச் சேர்த்து வையுங்கள்.

தண்ணீர்ப் பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்திற்குக் கல்லின்மேல் வைக்கவும். கோழி கவிழ்த்துச் சிந்தும் தண்ணீரால்தான் பல கூடுகள் வெயில் காலத்திலும் நாறுகின்றன.

சுண்ணாம்பு போடலாமா?

நாற்றம் வந்தவுடன் பலர் சுண்ணாம்பையோ அடுப்புச் சாம்பலையோ ஈர எச்சத்தின் மேல் தூவுகிறார்கள். இரண்டும் காரத்தன்மை உள்ளவை; அமோனியாவை இன்னும் வேகமாகக் கிளப்பிவிடும். எச்சத்தை அள்ளி, தரையை உலரவிட்ட பின்னரே சுண்ணாம்பு இடவும்.

நாளாந்த, வாராந்த வேலைகள்

1. கோழி அடையும் கொம்பின் கீழ் பலகையோ உரப்பையோ விரித்து, காலையில் எச்சத்தை அள்ளுங்கள். இரவு எச்சம் அங்கேதான் சேரும்.

2. நனைந்த கூளத்தை அன்றே அகற்றி, உலர்ந்ததைப் போடுங்கள்.

3. வாரம் ஒருமுறை கூளத்தைக் கிளறுங்கள். வெப்பமான காலத்தில் ஈயின் முட்டை ஏழு முதல் பத்து நாட்களில் ஈயாகிவிடும். அதற்கு முன் கிளறி உலர்த்தினால் புழு சாகும்.

4. கூளத்தைக் கையில் பிடித்து இறுக்கிப் பாருங்கள். கட்டியாகவே நின்றால் ஈரம் கூடியது. கட்டிபிடித்து, தொட்டவுடன் உதிர்ந்தால் சரி.

5. கோழியின் மூக்கு நம் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. குனிந்து அந்த உயரத்தில் முகர்ந்து பாருங்கள். தினமும் பழகிய மூக்குக்கு நெடி தெரியாது; அயல்வீட்டு அக்காவைக் கேளுங்கள். அவர் சொல்வது சரியாக இருக்கும்.

இரத்தம் கலந்த கழிச்சலைக் கண்டால் தாமதியாமல் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுங்கள்.

அள்ளிய எருவுக்கு என்ன வழி?

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது ஒரு பை கோழி எருவின் அருமையை நாம் எல்லாரும் அறிந்தோம். புதிய எருவை அப்படியே செடிக்கு இட்டால் வேர் கருகும். ஒரு பங்கு எருவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை, வைக்கோல் சேர்த்துக் குவித்து, மழை படாமல் மூடுங்கள். இடைக்கிடை புரட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனையுள்ள பசளையாகும். முதல் கூடையை முறைப்பாடு சொன்ன வீட்டுக் கத்தரிக்குக் கொடுத்துப் பாருங்கள்.

கூடிக் கலந்துரையாட

1. எமது குடியிருப்பில் மழைநீர் எந்த வழியாக ஓடுகிறது? ஒரு வரைபடம் கீறுங்கள்.

2. வீட்டுக்கு வீடு தனிக் கான் வெட்டுவதா, எல்லோரும் சேர்ந்து ஒரு வடிகால் அமைப்பதா? ஒரு சிரமதானத்தில் எவ்வளவு முடியும்?

3. அடுத்த ஐப்பசி மழைக்கு முன் நம் முற்றத்தில் மாற்ற வேண்டிய ஒரு விடயம் எது?