அட்வான்ஸ் கொடுக்கும் முன்: ஒரு நிலத்தை உங்கள் போனில் படிப்பது எப்படி?

தரகர் ஒரு நிலத்தைக் காட்டுகிறார். "ஒரு ஏக்கர் சார். பட்டா இருக்கு, வில்லங்கம் ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமை நல்ல நாள், அட்வான்ஸ் போட்டுடலாம்" என்கிறார். நீங்கள் பல வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. போனால் திரும்பி வர நீதிமன்றப் படிதான் ஏற வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களின் நில ஆவணங்களையும் போனிலேயே பார்க்கலாம். ஆனால் பட்டாவை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது. ஒரு நிலத்தின் கதை இரண்டு துறைகளில் பிரிந்து கிடக்கிறது. நிலம் யார் பெயரில், எவ்வளவு பரப்பில், எந்த வடிவில் இருக்கிறது என்பதை வருவாய்த் துறையும் நில அளவைத் துறையும் சொல்லும். அதன் மீது என்னென்ன பத்திரங்கள் பதிவாகியுள்ளன என்பதைப் பதிவுத் துறை சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பாடத்துக்காக ஒரு கற்பனை நிலத்தை எடுத்துக்கொள்வோம். சர்வே எண் 112, உட்பிரிவு 3பி.

தேடும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம், சர்வே எண் மற்றும் உட்பிரிவு ஆகிய நான்கும் வேண்டும். இதில் பலர் தடுமாறுவது வருவாய் கிராமத்தில்தான். நாம் ஊர் என்று சொல்லும் பெயர் ஒன்றாகவும், வருவாய் கிராமத்தின் பெயர் வேறாகவும் இருக்கலாம். "எங்க ஊர் பேரே லிஸ்ட்ல வரல" என்றால் பதிவு இல்லை என்று அர்த்தமில்லை. விற்பவரின் பழைய பத்திரத்தில் 'சொத்து விவரம்' பகுதியைப் பாருங்கள். சரியான பெயர் அங்கே இருக்கும்.

படி 1: பட்டா, சிட்டா

தமிழ்நாடு அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவைத் தளத்துக்குச் செல்லுங்கள். தேடலில் ஒரே மாதிரிப் பெயரில் தனியார் தளங்களும் வரும். முகவரி 'டாட் கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். பட்டா, சிட்டா பார்வையிடும் பகுதியில் விவரங்களைத் தேர்ந்தெடுங்கள். கிராமத்து வீட்டுமனை என்றால் 'நத்தம்' என்ற பிரிவில் தேட வேண்டியிருக்கும். உங்கள் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்தால் விவரம் திறக்கும்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது பெயர். ஒரே பெயரா, பல பெயர்களா? நம் உதாரணத்தில் விற்பவர் பெயரோடு அவர் தங்கையின் பெயரும் இருக்கிறது. இது கூட்டுப் பட்டா. "தங்கச்சி ஒண்ணும் சொல்லாது" என்ற வாய்வார்த்தை போதாது. அவருடைய பங்கு என்ன என்று தெரியாமல், அவர் கையெழுத்து இல்லாமல், முழு நிலத்துக்கும் பேச முடியாது.

இரண்டாவது பரப்பு. பட்டாவில் ஏக்கர், சென்ட் இருக்காது. ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். 100 சென்ட் 1 ஏக்கர். 1 சென்ட் 435.6 சதுர அடி. நம் நிலத்துக்கு 0.36.50 என்று இருக்கிறது. 36.50 ஏரை 2.47ஆல் பெருக்கினால் சுமார் 90 சென்ட். தரகர் சொன்னதோ ஒரு ஏக்கர். மீதி 10 சென்ட் எங்கே? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போவோம்.

படி 2: அ-பதிவேடு

அதே தளத்தில் அ-பதிவேட்டையும் பார்க்கலாம். கிராமத்தின் எல்லா சர்வே எண்களுக்குமான அடிப்படைப் பதிவேடு இது. நிலம் ரயத்துவாரியா, அரசு நிலமா, நன்செயா, புன்செயா என்பதெல்லாம் இதில் தெரியும். புறம்போக்கு என்று இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதில் பழைய சர்வே எண்ணுக்கும் ஒரு பத்தி உண்டு. தாத்தா காலத்துப் பத்திரத்தில் ஓர் எண்ணும் இன்றைய பட்டாவில் வேறோர் எண்ணும் இருந்தால், இரண்டும் ஒரே நிலமா என்று ஒப்பிட இது உதவும்.

படி 3: புலப்படம்

பட்டா பார்க்கும் இடத்திலேயே புலப்படமும் கிடைக்கும். ஆங்கிலத்தில் எஃப்.எம்.பி. என்பார்கள். நிலத்தின் வடிவம், பக்க அளவுகள், சுற்றியிருக்கும் உட்பிரிவுகள் எல்லாம் இதில் இருக்கும். அளவுகள் மீட்டரில் இருக்கும், அடியாக்க 3.28ஆல் பெருக்குங்கள்.

புலப்படத்தில் முதலில் பார்க்க வேண்டியது பாதை. நம் நிலம் 3பி ரோட்டைத் தொடுகிறதா? தொடவில்லை. ரோட்டுக்கும் அதற்கும் நடுவே 3ஏ என்று ஓர் ஒல்லியான துண்டு இருக்கிறது. 3ஏ-வின் சிட்டாவைத் திறந்தால் வேறொருவர் பெயர், பரப்பு 0.04.00, அதாவது கிட்டத்தட்ட 10 சென்ட். காணாமல் போன 10 சென்ட் ரோட்டோரத்தில் இருக்கிறது.

படி 4: வில்லங்கச் சான்று

இப்போது பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்துக்கு வாருங்கள். 'மின்னணு சேவைகள்' பகுதியில் வில்லங்கச் சான்று விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் உள்ள பதிவுகள் கிடைக்கின்றன. வங்கிக்குக் கொடுக்கச் சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கே இரண்டு இடங்களில் கவனம் தேவை.

ஒன்று, சார்பதிவாளர் அலுவலகம். பதிவு மாவட்டத்தின் எல்லை வேறு, வருவாய் மாவட்டத்தின் எல்லை வேறு. உங்கள் கிராமம் இப்போது எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது, முன்பு வேறு அலுவலகத்தில் இருந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு, தாய் எண். 112/3பி என்று மட்டும் தேடினால் நம் நிலத்துக்கு ஒன்றும் வராது. "பாத்தீங்களா, வில்லங்கமே இல்ல!" என்பார் தரகர். ஆனால் உட்பிரிவு ஆவதற்கு முன் அது 112/3 ஆக இருந்தது. அந்த எண்ணில் தேடினால் விற்பவரின் தந்தை ரோட்டோரத்து 10 சென்ட்டை விற்ற கிரயப் பத்திரம் வருகிறது. அதனால் உட்பிரிவோடு ஒரு முறை, தாய் எண்ணில் ஒரு முறை என்று இரண்டு தடவை தேடுங்கள்.

பதிவு செய்யப்படாத ஒப்பந்தமோ, வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்த உயிலோ, நடந்துகொண்டிருக்கும் வழக்கோ வில்லங்கச் சான்றில் தெரியாமல் போகலாம். எனவே 'வில்லங்கம் இல்லை' என்றால் 'பதிவான வில்லங்கம் இல்லை' என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சேர்த்துப் படித்தால்

விற்பவர் காட்டிய தாய்ப்பத்திரத்தில் ஒரு ஏக்கர் என்றுதான் இருக்கிறது. அது பொய்யில்லை. பட்டாவும் உண்மை, புலப்படமும் உண்மை. ஆனால் சேர்த்துப் படித்தபோதுதான் தெரிகிறது: இது ஒரு ஏக்கர் அல்ல, 90 சென்ட், ஒருவருடையது அல்ல, இருவருடையது, ரோட்டை ஒட்டிய நிலமும் அல்ல. பாதை உரிமை எழுத்தில் இல்லாவிட்டால் உங்கள் நிலத்துக்குப் போக அடுத்தவரிடம் அனுமதி கேட்க வேண்டிவரும். விலையைக் குறைப்பதா, விலகிக்கொள்வதா என்பது உங்கள் முடிவு. ஆனால் அந்த முடிவை அட்வான்ஸ் கொடுக்கும் முன் எடுக்கிறீர்கள், அதுதான் லாபம்.

சர்வே எண் தெரியாவிட்டால்?

'தமிழ்நிலம் ஜியோ-இன்ஃபோ' வரைபடச் சேவையில் நிலம் இருக்கும் இடத்தைத் தொட்டால் அதன் சர்வே எண் தெரியும். எண்ணைக் கண்டுபிடிக்க இது நல்ல வழி. ஆனால் போனின் இருப்பிடக் குறி சில மீட்டர் தள்ளிக் காட்டலாம். அதை நம்பி வேலிக்கல் நடாதீர்கள். எல்லையை உறுதி செய்ய, நில அளவையர் வந்து அளந்து அத்துக் காட்ட இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம்.

பட்டாவில் தவறு இருந்தால்

பெயர்ப் பிழை, பரப்புப் பிழை என்றால் பத்திர நகல்களோடு வட்டாட்சியரிடம் விண்ணப்பியுங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், நேர்ந்த பிழைகள் மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகும். வட்டாட்சியர் உத்தரவில் குறை இருந்தால் 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். நிலம் யாருக்குச் சொந்தம் என்பதே தகராறு என்றால் அதை உரிமையியல் நீதிமன்றம்தான் தீர்க்கும். பட்டா வருவாய்ப் பதிவு. அது மட்டுமே உரிமை மூலம் ஆகிவிடாது.

இன்றைய பயிற்சி

நிலம் வாங்கும் எண்ணமே இல்லையா? அப்படியென்றால் உங்கள் வீட்டு நிலத்தையே இன்று தேடிப் பாருங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா? பத்திரத்தில் உள்ள பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் ஒத்துப்போகிறதா? வில்லங்கத்தில் அடைத்து முடித்த கடன் இன்னும் ரத்தாகாமல் நிற்கிறதா? அப்பா, அம்மா பக்கத்தில் இருக்கும்போதே உட்கார்ந்து பாருங்கள். எந்தத் துண்டு யாரிடம் வாங்கியது, எப்போது பாகம் பிரித்தது என்று அவர்களுக்குத் தெரிந்த பல விஷயங்கள் எந்தத் தளத்திலும் இருக்காது. கேட்டு எழுதி வையுங்கள்.