நின்ற நிரலும் வெற்றுக் கட்டமும்

பைதான் நிரல் ஓட்டத்தின் நடுவே பிழையால் நின்றுவிட்டால், நின்ற இடத்திலிருந்து அதை மறுபடி ஓடவைக்க முடியாது. பைதானோடு சேர்ந்தே வரும் டிபக்கரான பிடிபிக்கும் அந்த வல்லமை இல்லை. மாறிகளில் என்ன இருந்தது என்று பார்க்கலாம். ‘அப்’ கட்டளையால், அழைத்த செயற்கூறுவரை ஏறிப் போகலாம். ஓட்டம் தொடராது. அந்த நிலைக்குப் போஸ்ட்மார்ட்டம் என்றே பெயர்.

பழனிக்கு அருகே நெய்க்காரப்பட்டியில் ஒரு வெல்ல மண்டியின் சிப்பக் கணக்கைக் கூட்டித் தரவுத்தளத்தில் பதியும் நிரல் இருப்பதாகக் கொள்ளலாம். சிஎஸ்வி கோப்பின் 212ஆம் வரியில் எடைக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. ‘ஃப்ளோட்’ செயற்கூறுக்கு வெற்றுச் சரம் போனதும் வேல்யூ எரர் எழுகிறது. நிரலைத் தொடக்கத்திலிருந்தே பிடிபியின் கீழ் ஓட்டியிருந்தால் போஸ்ட்மார்ட்டம் திறக்கும். புதிதாகப் பழகுவோர் இங்கேதான் ‘சி’ (கன்டினியூ) தட்டுகிறார்கள், விட்ட இடத்தில் தொடரும் என்று நம்பி. நிரலோ மறுபடி தொடங்கி முதல் வரியில் நிற்கிறது. அங்கே மீண்டும் ‘சி’ தட்டினால், ஏற்கெனவே தரவுத்தளத்தில் பதிந்துவிட்ட 211 சிப்பங்களும் இரண்டாம் முறை பதிவாகும். இதற்குப் பிழைச் செய்தி எதுவும் வராது. நிரல் நின்றுபோவதைவிட இதுவே பெரிய கேடு. அதனால் டிபக்கரை நகல் தரவில் மட்டுமே ஓட்ட வேண்டும். தரவுத்தளப் பதிவை உறுதிசெய்யும் ‘கமிட்’ எல்லா வரியும் முடிந்த பிறகே வர வேண்டும்.

மீட்பு என்பது பிழை எழுமுன் செய்வது. கூட்டும் வரியில், எடை வெறுமையாக இருந்தால் மட்டும் நிற்கும்படி நிபந்தனையோடு பிரேக்பாயின்ட் வைக்கலாம். நிரல் நின்றதும், சிட்டையைப் பார்த்து உரிய எடையை அந்த மாறியில் இட்டு, ‘சி’ தட்டினால் இப்போது உண்மையிலேயே தொடரும். சிட்டையிலும் எடை இல்லையென்றால் ‘ஜம்ப்’ கட்டளையால் அந்த வரியைத் தாண்டலாம். வழக்கமாக ஒரு சிப்பம் 30 கிலோதானே என்று ஊகித்து நிரப்பக் கூடாது. அது விவசாயியின் பணம்.

மாறியின் பெயர் ‘என்’, ‘சி’ போன்ற ஒற்றை ஆங்கில எழுத்தானால் பிடிபி அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அப்போது பெயருக்கு முன்னால் ஆச்சரியக்குறி இட வேண்டும். பைதான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்பதால், மாறிக்கு ‘எடை’ என்றே பெயரிட்டால் இந்தக் குழப்பம் எழாது.

டிபக்கரில் மாற்றிய மதிப்பு அந்த ஓட்டத்தோடு போய்விடும். நிலையான திருத்தம் நிரலில்தான்: வெற்றுக் கட்டம் வந்தால் வரி எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகும் ‘டிரை–எக்செப்ட்’. 2018இல் வெளிவந்த பைதான் 3.7 தந்த ‘பிரேக்பாயின்ட்’ செயற்கூறை நிரலுக்குள் எழுதியிருந்தால், மண்டிக் கணினிக்கு நிரலை அனுப்புமுன் அதை நீக்கிவிட வேண்டும்.