வானத்துப் படமும் கட்டுத்தறிச் சாணமும்

பெருந்துறை, சென்னிமலை, ஊத்துக்குளி வட்டாரத்துக் கறவைமாட்டுப் பண்ணைகளில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மண்வளத்தையும் மண்ணில் தங்கும் கரிமத்தையும் கணக்கெடுக்கப் புறப்பட்டிருக்கும் தம்பிகளுக்கும் அம்மிணிகளுக்கும் இதை எழுதுகிறேன். படத்தை இறக்குவது, திருத்துவது, மாதிரி கட்டுவது எல்லாம் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் செய்ய வேண்டியதைத்தான் நான் சொல்லப் போகிறேன். மண்வெட்டியை எங்கே போடுவது, எப்போது போடுவது என்று வானத்துப் படம் காட்டும். மண்ணுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை மண்வெட்டிதான் சொல்லும். இந்த வரிசை மாறினால் கணக்கு முழுக்கக் கெடும்.

1. காட்டைச் சென்ட் கணக்கில் நினையுங்கள். ஐரோப்பியர்கள் 2015-இல் ஏவிய சென்டினல்-2 இன்று யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய படம் தருகிறது. அதன் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட். லேண்ட்சாட் செயற்கைக்கோளின் 30 மீட்டர் கட்டம் 22 சென்ட். சதுரமான இரண்டு ஏக்கர் காடு பக்கத்துக்குச் சுமார் 90 மீட்டர் இருக்கும்; சென்டினலில் 81 கட்டம். சுற்றிலும் கிளுவை வேலி, வரப்பு, பக்கத்துக் காட்டுத் தென்னை நிழல் எல்லாம் கலந்திருக்கும் ஓரக் கட்டங்களைத் தள்ளிவிட்டால் 49 மிஞ்சும். மண்ணையும் காய்ந்த புல்லையும் பிரித்தறியத் தேவைப்படும் குறும் அலை அகச்சிவப்புப் பட்டைகளோ 20 மீட்டர் அளவில்தான் கிடைக்கும். அதில் ஓரத்தைத் தள்ளினால் நம் இரண்டு ஏக்கருக்கு உருப்படியாக மிஞ்சுவது நான்கைந்து கட்டங்கள். நியூசிலாந்துப் பண்ணைக்கு எழுதிய முறையை இங்கே அப்படியே தூக்கிவந்து வைக்க முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும். முதல் நாளே காட்டைச் சுற்றி நடந்து, வேலிக்குள் ஒரு கட்டம் தள்ளி எல்லை வரையுங்கள்.

2. மண்ணின் நிறத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கரிமம் கூடினால் மண் கறுக்கும் என்பது உண்மை. ஈரம் பட்டாலும் மண் கறுக்கும். நம் செம்மண்ணின் சிவப்பு இரும்பிலிருந்து வருவது. கரிசலின் கறுப்போ பெரும்பாலும் கரிமத்தால் வந்ததே அல்ல. கன்னங்கரேல் என்றிருக்கும் காட்டிலும் அங்ககக் கரிமம் அரை சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது சாதாரணம். ஒரே பண்ணையில் மேட்டில் செம்மண்ணும் பள்ளத்தில் கரிசலும் கிடக்கும் ஊர் இது. இரண்டையும் ஒரே சூத்திரத்தில் போட்டால் பள்ளத்தில் கரிமம் குவிந்திருப்பதாக வரைபடம் சொல்லும். மண் வகைகளைப் பிரித்துவிட்டுப் பிறகு கணக்கைத் தொடங்குங்கள். ஐரோப்பாவின் லூகாஸ் மண் மாதிரிகளில் பழக்கிய சூத்திரம் கையில் இருந்தாலும், இங்கத்து மாதிரிகளால் அதை மீண்டும் பழக்காமல் ஒரு எண்ணைக்கூட வெளியே சொல்லாதீர்கள். ஒளியில் எடுக்கும் படம் மண்ணின் மேல்தோலை மட்டுமே பார்க்கிறது என்பதும் மனதில் இருக்கட்டும். ஒரு விரல் ஆழத்தில் இருப்பதுகூட அதற்குத் தெரியாது.

3. பச்சையெல்லாம் தீவனம் ஆகாது. செடி சிவப்பு ஒளியை உறிஞ்சி அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தை எண்ணாக்கியதுதான் என்.டி.வி.ஐ. சித்திரை வெயிலில் மற்றதெல்லாம் காய்ந்த பிறகும் சீமைக்கருவேலம் பச்சையாக நிற்கும். மழை பெய்த பத்தாம் நாள் பார்த்தீனியம் காட்டையே மூடும். இரண்டுக்கும் எண் அழகாக வரும். அந்தப் பச்சையில் மாட்டுக்கு ஒரு வாய்கூடத் தேறாது. கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் நட்ட தோட்டத்தில் வேறு சங்கடம். பயிர் அடர்ந்ததும் எண் ஓர் உச்சியில் நின்றுவிடும், அறுத்ததும் சரியும், மறுபடி ஏறும். அந்தச் சரிவை மண் கெட்டதாகப் படிக்காதீர்கள். அறுவடை தேதியைப் பண்ணைக்காரரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. கொறங்காட்டைக் கோடையில் பாருங்கள். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கொங்குநாட்டுக்கே உரிய மேய்ச்சல் முறை இது. கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேலா மரம், சுற்றிலும் கிளுவை வேலி. ஆண்டுக்கு 700 மில்லிமீட்டருக்கு முன்பின்னாகப் பெய்யும் மழையை நம்பி, காட்டைத் துண்டு துண்டாக வேலியிட்டு மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். காங்கயம் மாடு வளர்ந்தது இந்தப் புல்லில்தான். குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் மாட்டையும் கொறங்காட்டையும் சேர்த்தே காக்கப் பாடுபடுவதற்குக் காரணமும் இதுதான். ஒன்று போனால் மற்றதும் போகும்.

கொழுக்கட்டைப் புல் பல ஆண்டு நிற்கும் புல். அதன் வேர்தான் மண்ணுக்குக் கரிமம் கொடுக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாக் காடும் பச்சையாகத்தான் தெரியும். நல்ல காட்டையும் கெட்ட காட்டையும் அப்போது பிரிக்க முடியாது. மாசியில் தொடங்கி வைகாசி வரை தொடர்ந்து பாருங்கள். அளவாக மேய்த்த காட்டில் காய்ந்த தூர் தரையை மூடி நிற்கும். மிஞ்சி மேய்த்த காட்டில் பங்குனிக்குள் சிவப்புத் தரை தெரியும். காய்ந்த புல்லுக்கும் வெறும் மண்ணுக்கும் உள்ள வித்தியாசம் என்.டி.வி.ஐ.யில் தெரியாது. குறும் அலை அகச்சிவப்பில் பாருங்கள், காய்ந்த நார் தன் அடையாளத்தைக் காட்டும். கோடை உச்சியில் தரையில் எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்ற ஒரே எண்ணைப் பல ஆண்டுகளுக்கு வரிசையாக எடுத்தாலே காடு தேறுகிறதா, தேய்கிறதா என்று சொல்லிவிடலாம். என்னைக் கேட்டால், கரிம வரைபடம் போடுவதைவிட இந்த எண் பண்ணைக்குப் பயன்படும்.

மண் எடுக்கும்போது மரத்தடியையும் திறந்த வெளியையும் தனித்தனியாக எடுங்கள். மாடு படுப்பது நிழலில். சாணமும் மூத்திரமும் விழுவது அங்கே. இலையும் காயும் உதிர்வதும் அங்கே. மரத்தடி மண்ணில் கரிமம் கூடுதலாகவே இருக்கும். அதை எடுத்துக் காடு முழுமைக்கும் பரப்பினால் பொய்க்கணக்கு.

5. சாணம் எங்கே போகிறது என்று கேளுங்கள். இன்று பெருந்துறைப் பக்கத்துக் கறவை மாடுகளில் பெரும்பாலானவை கலப்பினம். கட்டுத்தறியில் நின்று தின்பவை. தீவனம் தோட்டத்திலிருந்து அறுபட்டுக் கட்டுத்தறிக்கு வருகிறது. அதோடு தோட்டத்துக் கரிமமும் சாம்பல்சத்தும் வெளியேறுகின்றன. குப்பைக்குழியில் மக்கி அதே தோட்டத்துக்குத் திரும்பினால் சரி. இங்கே பல வீடுகளில் சாணம் டிராக்டர் லோடாக மஞ்சள் காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் விற்கப்படுகிறது. பால் காசு போலவே அதுவும் குடும்பத்துக்கு வரும் காசு. அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் கணக்கில் வர வேண்டும். சாணம் வாங்கிய மஞ்சள் காட்டில் கரிமம் ஏறும்; புல் அறுத்த தோட்டத்தில் இறங்கும். ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்ததைப் புதிதாகச் சேமித்ததாக எழுதக் கூடாது.

எந்தச் செயற்கைக்கோளும் இந்தப் போக்குவரத்தைச் சொல்லாது. ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள்: எந்தத் தேதி, எத்தனை லோடு, எந்தக் காட்டுக்கு, மக்கியதா பச்சையா. ஏக்கருக்கு ஐந்து டன், அதாவது ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் என்பது வேளாண் பல்கலைக்கழகம் பல பயிர்களுக்குச் சொல்லும் பரிந்துரை. அந்த அளவு தன் சொந்தத் தீவனக் காட்டுக்குப் போகிறதா என்று பார்த்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். செம்மறிப் பட்டி போடுகிற காடு இருந்தால் பட்டி நின்ற இடத்தையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்துப் படத்தில் அந்தத் துண்டு மட்டும் துலங்கும்போது காரணம் கையில் இருக்கும்.

6. கல்லைக் கழியுங்கள். நம் மேட்டாங்காடுகள் சரளைக் காடுகள். ஓர் ஏக்கரில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 1,214 கனமீட்டர் மண். கனமீட்டருக்கு ஒன்றரை டன் என்று வைத்தால் 1,821 டன், 0.4 சதவீதக் கரிமம் என்றால் 7.3 டன். அதே மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு கல் என்றால் உண்மையில் இருப்பது 5.8 டன்தான். சல்லடையில் சலிக்க மறந்த இந்த ஒன்றரை டன், பல ஆண்டுகள் தொழுவுரம் போட்டு ஏற்றக்கூடியதைவிடப் பெரியது. ஆகவே மண்ணின் அடர்த்தியைப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். அளவு தெரிந்த உருளையை அடித்து இறக்கி எடுங்கள். 2 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் கல்லைத் தனியே நிறுங்கள்.

சுக்கான் கல் உள்ள காட்டில் இன்னும் கவனம். சுக்கானுக்குள் சுண்ணாம்பாகக் கரிமம் இருக்கிறது. மாதிரியை எரித்து அளக்கும் கருவி அதையும் சேர்த்தே எண்ணும். நம் மண் பரிசோதனை நிலையங்களில் பழகிய வாக்லி-பிளாக் முறை 1934-லிருந்து இருப்பது. அது அங்ககக் கரிமத்தை மட்டும் பார்க்கும், அதிலும் ஏறத்தாழ முக்கால் பங்கைத்தான் பிடித்து, மீதியைப் பெருக்கிச் சேர்க்கும். எந்த முறையானாலும் சரி, முதல் ஆண்டு ஒன்றும் ஐந்தாம் ஆண்டு வேறொன்றும் வேண்டாம்.

7. மண்வள அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆனால் அதன் எல்லை தெரிந்து படியுங்கள். 2015-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. மானாவாரிக் கொறங்காட்டுக்கு வந்த அட்டை பக்கத்துக்காரர் மண்ணைச் சொல்வதாகவும் இருக்கலாம்.

8. அவசரப்படாதீர்கள். கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் இன்றும் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேலாக ஒரே துண்டுக்கு ஒரே உரம். தொழுவுரமும் ரசாயன உரமும் சேர்ந்து போன துண்டுகளில் கரிமம் கூடுதலாக நிற்பதையும், ஒன்றும் போடாத துண்டு பின்தங்குவதையும் அங்கே போய் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். மண் எவ்வளவு மெதுவாக அசையும் என்பது அப்போது புரியும். 0.4 சதவீதத்தை 0.45 ஆக்குவது நம் வெயிலில் பெரிய சாதனை. அந்த 0.05 என்பது ஆய்வகப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடக்கூடிய எண்ணும்கூட. ஓராண்டு இடைவெளியில் கரிமம் ஏறியதாக உங்கள் வரைபடம் காட்டினால், எடுத்த மாதத்தையும் அன்றைய ஈரத்தையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

கரிமத்துக்குப் பணம் வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். இந்தியாவில் கரிம வணிகத் திட்டம் 2023-இல்தான் அறிவிக்கையானது. ஏக்கருக்கு இவ்வளவு கிடைக்கும் என்று நீங்கள் வாயால்கூடச் சொல்ல வேண்டாம். உங்கள் முகத்தை நம்பித்தான் கையெழுத்துப் போடுவார்கள்.

9. மேகத்துக்கு ரேடார். மழைக்காலத்தில் ஒளிப்படம் கிடைப்பது அரிது. சென்டினல்-1 ரேடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் ரேடார் செயற்கைக்கோள், 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும். ரேடார் சொல்வது ஈரம், தரையின் சொரசொரப்பு, பயிரின் பருமன். கரிமம் சொல்லாது.

10. உப்பு மட்டும் மேலிருந்தே நன்றாகத் தெரியும். பங்குனி, சித்திரையில் தரையில் பூக்கும் வெள்ளை படத்தில் பளீரென்று நிற்கும். நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதில் சாயக்கழிவு தேங்கிய கதை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. 1984-இலிருந்து லேண்ட்சாட் 5 எடுத்த படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அணைக்கு முன்னால் அந்தக் காடுகள் எப்படி இருந்தன, பிறகு எப்படி ஆயின என்று ஆண்டு ஆண்டாகப் போட்டுப் பார்க்கலாம். கிணற்று நீர் உவர்ப்பான பண்ணையில் புல் தேறாது; புல் தேறாத காட்டில் கரிமமும் ஏறாது. அங்கே போய்க் கரிமத் திட்டம் பேசாமல் முதலில் தண்ணீரையும் மண்ணின் உப்பு நிலையையும் சோதித்துக் கொடுங்கள். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் உப்பும் அல்ல, மேலே வந்த சுக்கானும் வெளுத்துத்தான் தெரியும். கையால் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

11. பேச வேண்டியவர்களிடம் பேசுங்கள். பட்டா ஐயா பெயரில் இருக்கும். கறப்பது, சாணி வழிப்பது, தட்டு அறுத்துப் போடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். எந்தத் துண்டில் புல் சீக்கிரம் வாடும், எந்தத் துண்டுச் சோளத்தட்டை மாடு ஒதுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். “அக்கா, எந்தக் காடு முதல்ல காயுதுங்க?” என்று கேட்டுவிட்டுப் பிறகு படத்தைத் திறந்து ஒத்துப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் மறுநாள் அந்தத் துண்டில் குழி தோண்டுங்கள்.

முடிவை ஆடிப்பட்டத்துக்கு முன்னால், தமிழில், ஒரே தாளில் கொடுங்கள்: காட்டின் படம், கரிமம், உப்பு நிலை, கோடையில் மூடிய தரை, தொழுவுரம் போக வேண்டிய துண்டு எது என்பது. அடுத்த அளவீட்டுக்கு வருபவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம். கைபேசி காட்டும் இடம் சில மீட்டர் தள்ளிப்போகும், நம் காட்டில் அது வேலிக்கு அந்தப்பக்கம் போய்விடும். ஆகவே குழி தோண்டிய ஒவ்வோர் இடத்துக்கும் வேலி மூலையிலிருந்து நாடா பிடித்துத் தூரம் அளந்து, மாதத்தோடும் ஆழத்தோடும் எழுதி, ஒரு பிரதியைப் பண்ணை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.